பம்பரில் பூசிய விபூதி

செவ்வாய்க்கிழமை.

தேய்த்துத் தேய்த்துக் கை எரிகிறது. அதைவிட வயிறு எரிகிறது. அக்காள் புருஷனாகப் போய்விட்டார், பாவா என்று கூப்பிட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது. காலையில் மலைமேல் முருகன் கோயிலுக்கு வண்டிப் பூஜைக்குக் கிளம்பும் முன், என்னைக் கேட்காமலே என் காருக்கு மெழுகுப் பாலிஷ் போட்டார். பெயின்டோடு நிறுத்தினாரா? கறுப்பு பிளாஸ்டிக் பம்பரிலும் இழுத்துவிட்டார். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துக்கொண்டது.

கோயிலிலிருந்து திரும்பியதும் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். அம்மா வந்து, "இன்னாடா தேச்சிகினு கீற?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பாவா முந்திக்கொண்டார்.

"விபூதி அத்தே. மலைமேல ஐயரு பூசினது. வேணாம்னா கேக்க மாட்டன்றான்."

பச்சைப் பொய். அம்மா பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள். "முருகன் விபூதிய தேய்ப்பியா நீ? கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அந்த ஆள் காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

டப்பாவில் பாலிஷ் மிச்சம் இருந்தது. ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, அவருடைய புது பைக்கின் கறுப்பு பிளாஸ்டிக் மட்கார்டு முழுக்கப் பூசிவிட்டேன். இருட்டோடு அவர் ஊர் பள்ளிப்பட்டு போய்ச் சேர்வதற்குள் நன்றாகக் காய்ந்திருக்கும்.

விடிந்ததும் பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளட்டும்.