மணிக்கு நாற்பது டின்

ஹோன் காய்
12 அக்டோபர் 2003, ஞாயிறு இரவு

தாவ் அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் விடுதி முதலாளியம்மாவுக்கும் வேண்டாம், கடிதம் கொண்டுவரும் வேன்காரர் கியென் மாமாவுக்கும் வேண்டாம். வேனிலிருந்து இறங்கியதும் அவர் "தங்கச்சி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்பார். கணவாய்க் கருவாடு பற்றி என்று சொல்லிவிடு. அதற்காகத்தான் பொட்டலத்தில் கருவாடு வைத்திருக்கிறேன். படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு. அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறாள். கொசுவலைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் படகின் அடியில் தண்ணீர் வருகிறது. கொஞ்சம் வருவது உனக்கும் தெரியும். இப்போது கொஞ்சம் இல்லை. எஞ்சின் ஓடும்போது பம்பு தள்ளிவிடும். ராத்திரி தீவுகளுக்கு நடுவே நங்கூரம் போட்டதும், டீசல் வீண் என்று அப்பா எஞ்சினை நிறுத்திவிடுகிறார். அதன்பிறகு நான்தான் பம்பு. சமையலறைத் தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, பெயின்ட் டின்னால் அள்ளி, பின்பக்கம் கொட்ட வேண்டும். கோடை விடுமுறையில் மணிக்குப் பத்து டின் அள்ளினேன். இப்போது நாற்பது.

அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதவே குமட்டுகிறது. டீசல், மீன் செதில், ஊறிப்போன சோறு, கழிவறைக் குழாயிலிருந்து கசிவது எல்லாம் சேர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். போன வாரம் ஒரு செத்த எலி என் மணிக்கட்டில் உரசிக்கொண்டு போனது. மூன்று தடவை சோப்பு போட்டும் நகத்துக்குள் நாற்றம் போகவில்லை. விடிந்ததும் அதே கையால் பயணிகளுக்கு அன்னாசி நறுக்கினேன். நன்றாக இருக்கிறது என்று விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நேற்று உன் விடுதியிலிருந்து நீ அனுப்பிய ஐந்து பேர், மெல்பர்னிலிருந்து வந்த சிநேகிதர்கள், ஆளுக்கொரு பெரிய முதுகுப்பையோடு வந்தார்களே, அவர்களில் டெஸ் என்ற பெண் சாயங்காலம் முழுக்க என்னோடு படியில் உட்கார்ந்து என் பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். "இந்த இங்கிலீஷ எங்க பாட்டனுக்குப் பாட்டன்தான் பேசியிருப்பான்டி," என்று சிரித்தாள். அவள் படுத்தது கீழ்த்தளத்தில் மூன்றாம் அறை.

விடியற்காலையில் நான் டின்னைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். கால் நனைந்துதான் விழித்தேன். கீழே நடைவழியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஐந்து பேருடைய செருப்பும் மிதந்து கதவு கதவாக முட்டிக்கொண்டிருந்தன. டெஸ்ஸின் பை பாதிவரை ஊறிவிட்டது. அப்பா ஓடிப்போய் எஞ்சினைப் போட்டார். அம்மா அவர்களிடம் குளியலறைக் குழாய் உடைந்துவிட்டது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவர்களில் ஒருவன், "குடுத்த காசுக்கு நீச்சல் குளமும் சேர்த்தே குடுத்திருக்காங்கப்பா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அழுக்குத் தண்ணீரில் ஊறிய துணிகளைக் கைப்பிடிக் கம்பியில் காயப்போட்டுவிட்டு, அப்பம் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

டெஸ் மட்டும் சிரிக்கவில்லை. "ஞாய், இது நல்ல படகுதானே?" என்று கேட்டாள். நீ சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். மிகவும் நல்ல படகு. சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அக்கா, இதெல்லாம் உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். பலகை மாற்றும்வரை யாரையும் அனுப்பாதே. நான் சொன்னேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உன் தங்கை,
ஞாய்


ஹனோய்
15 அக்டோபர் 2003

என் செல்ல ஞாய்க்கு,

கருவாடு வந்தது. பாதியை முதலாளியம்மா பிடுங்கிக்கொண்டாள். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? இங்கே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது. உனக்கு ஒரு நீலக் கம்பளிச் சட்டை பார்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் அகராதி அனுப்பினேனே, கிடைத்தது என்றுகூட ஒரு வரி எழுதவில்லை. அக்காவை மறந்துவிட்டாய்.

நீ பயந்து போயிருக்கிறாய். மரப்படகு என்றால் தண்ணீர் வரத்தான் செய்யும். துறையில் நிற்கிற படகில் எது ஒழுகவில்லை, சொல். புத்தாண்டு முடிந்ததும் கரையேற்றிப் பலகை மாற்றுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதுவரை கொஞ்சம் சமாளி. தூக்கம் வந்தால் கெட்டியாகக் காப்பி போட்டுக் குடி.

இன்னொன்று. பயணிகளோடு அதிகம் ஒட்டாதே. அவர்கள் இன்று வருவார்கள், நாளை வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு விலை குறைவாக இருக்க வேண்டும், குறைவான விலைக்கு என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். விடுதியில் பயணிகளுக்குக் காட்டுகிற ஆல்பத்தில் இருக்கிற படகுப் படத்தைப் பார்த்து மயங்குகிறார்கள் என்று அப்பாவிடம் வருத்தப்பட்டாயாம். அந்தப் படத்தை ஒட்டியதே நான்தான். இந்தத் தெருவில் இருக்கிற எல்லா விடுதியிலும் அதே படகுதான் இருக்கிறது, ஞாய். வெள்ளைப் பாயும் மெருகுபோட்ட பலகையுமாக. அது யாருடைய படகு என்று யாருக்கும் தெரியாது.

வரும் 25ஆம் தேதி சனிக்கிழமைக்கு ஒரு பெரிய கூட்டம் பிடித்திருக்கிறேன். பதினெட்டுப் பேர், ஒருவனுக்குப் பிறந்தநாள். அம்மாவிடம் சொல்லி வை.

முத்தங்களுடன்,
தாவ் அக்கா


ஹோன் காய்
19 அக்டோபர் 2003

அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ எழுதியது என்றுதான் தோன்றியது. கையெழுத்து உன்னுடையது.

உனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீ ஊருக்கு வந்த மூன்று தடவையும் படகில் படுக்கவில்லை. முதுகுவலி என்றாய். வீட்டில் கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுத்தாய்.

நம் படகில் இருப்பது ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை. பதினெட்டுப் பேரை எங்கே போடுவது என்று அப்பாவிடம் கேட்டேன். மேல்தளத்தில் ஆறு மெத்தை போட்டால் ஆயிற்று என்றார்.

"அப்பா, கீழ் அறை எல்லாத்தையும் பூட்டிட்டு எல்லாரையும் மேலயே படுக்க வச்சா என்ன?"

"ஏன், உன் பள்ளிக்கூடத்துல இப்ப படகு விடவும் சொல்லித் தர்றாங்களா?"

"தண்ணி நிறைய வருதுப்பா."

"வரட்டுமே. மூழ்கின படகுல யாராவது தண்ணி இறைச்சுப் பாத்திருக்கியா? இறைக்கிறோம்னா மிதக்குதுன்னு அர்த்தம்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அவர் வாயக் கிண்டாதடி," என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அப்பா பலகை இடுக்கை அடைத்தார். எதை வைத்து என்று நினைக்கிறாய்? இரண்டு லைஃப் ஜாக்கெட்டைக் கத்தியால் கிழித்து, உள்ளே இருந்த பஞ்சை உருவி, தாரைப் போன்ற கீல் தடவித் திணித்தார். நான் விளக்குப் பிடித்தேன். "பாத்தியா, இப்பவும் உசிரத்தான் காப்பாத்துது," என்று சிரித்தார். எனக்கு அவர் பல்லைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என் அப்பாவைப் பற்றி இப்படி எழுதுகிறேன். அடைத்த பிறகும் நேற்று ராத்திரி மணிக்கு முப்பத்தைந்து டின்.

சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்து. காய்ச்சல் பரவுகிறது, புயல் வருகிறது, எதையாவது சொல். பொய் சொல்வது உனக்குக் கஷ்டமா என்ன.

ஞாய்


ஹனோய்
22 அக்டோபர் 2003

ஞாய்,

அக்காவிடம் பேசுகிற பேச்சா இது?

முன்பணம் வாங்கியாகிவிட்டது. வேனும் பேசியாகிவிட்டது. நிறுத்த முடியாது. உன் அகராதியும் சீருடையும் எங்கிருந்து வருகின்றன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, இப்போதும் கேட்காதே. இந்தப் பேச்சு வெளியே போனால் அப்பாவின் லைசென்ஸ் போய்விடும். அதன்பிறகு அம்மா நிலக்கரிப் படகில் கூடை சுமக்கப் போவாள். அது உனக்குச் சம்மதமா?

நானும் உன் வயதில் அள்ளினேன். நானும் தூங்கியிருக்கிறேன். யாரும் சாகவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். சனிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக நில்.

தாவ்


ஹோன் காய்
24 அக்டோபர் 2003, வெள்ளி இரவு

அக்கா,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இது பதில் இல்லை. நான் செய்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அப்பாவும் அம்மாவும் பெரியப்பா வீட்டுத் திதிக்குக் காம் ஃபா ஊருக்குப் போயிருக்கிறார்கள். விடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார்கள். படகை மீன் சந்தைக்குப் பின்னால், ஆழமில்லாத இடத்தில் கட்டியிருக்கிறோம். போகும்போது அப்பா, "ராத்திரி படகுலயே படுத்துக்க. மணிக்கொரு தடவை அள்ளிடு. நாளைக்குப் பெரிய கூட்டம்," என்றார். வாழைப்பழம் வாங்கிக்கொள் என்று காசும் கொடுத்தார்.

ஏழு மணிக்குத் தரைப்பலகையைத் தூக்கினேன். தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டின் பஞ்சுத் துணுக்குகள் மிதந்தன. டின்னைக் கையில் எடுத்தேன். கை கீழே போகவில்லை. அருவருப்புதான். எத்தனை மாதமாக அதற்குள் கையை விட்டிருக்கிறேன். என் கை மட்டும் இல்லாவிட்டால் இந்தப் படகு எப்போதோ கரையேறியிருக்கும், யாரும் அதில் படுத்திருக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. நீ படம் ஒட்டினாய், அப்பா கீல் தடவினார், மிதக்க வைத்தது நான்.

அம்மாவின் பெரிய வாணலியையும், சாமி மாடத்து ஊதுவத்திக் கிண்ணத்தையும், போர்வைகளையும் சைக்கிளில் இரண்டு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திரும்பிப் போய் ஒவ்வொரு அறையையும் திறந்து யாரும் இல்லை என்று பார்த்தேன். பிறகு மீன் வெட்டும் கத்தியை எடுத்து, அந்தப் பஞ்சு முழுவதையும் தோண்டிப் பிடுங்கினேன். குழாயைத் திறந்த மாதிரி வந்தது. முழங்கால்வரை நனைந்தேன். சமையலறை விளக்கை அணைக்க மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகப் பயமாக இருந்தது.

அது அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிடும். கூரை வெளியே தெரியும். நாளை மதியம் உன் பதினெட்டுப் பேர் வந்து இறங்கித் திட்டுவார்கள், காசைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். அப்பா என்னை அடிப்பார். அடிக்கட்டும். அம்மா அழுவாளே என்பதுதான் தாங்கவில்லை. நீ என்னோடு இனிப் பேச மாட்டாய். எனக்கும் உன்னோடு பேச இப்போது பிடிக்கவில்லை. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

பல் கிட்டிக்கொள்கிறது. நல்ல சோப்பால் குளித்துவிட்டேன். கையில் இன்னும்

துறைப்பக்கம் ஒரே சத்தமாக இருக்கிறது. யாரோ தெருவில் ஓடுகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். பக்கத்துப் படகுக்கார மாமாவின் குரல். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"ஞாய், ஏ புள்ள, உள்ள இருக்கியா? இருந்தா ஒரு குரல் குடு தாயி. படகு போயிருச்சு, சமையக்கட்டுல விளக்கு எரிஞ்சுதுன்னாங்க. உங்கப்பா இப்பத்தான் வந்தாரு, நீ உள்ள மாட்டிக்கிட்டேன்னு கீழ்த்தளத்துக்குள்ள முங்கிப் போயிட்டாரு, இன்னும்"

அக்கா, நான்