பதினோரு ஆட்டமாக வராதவள்

சலவைக்கூடம்,
வியாழக்கிழமை மதியம்

என் அருமைப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன சர்க்கரை அளவுதான் இன்றும் இருக்கிறது. போனில் நீ சாப்பிட்டாச்சா என்பாய், ஆச்சு என்பேன், மாத்திரை என்பாய், போட்டாச்சு என்பேன், மூன்றே நிமிடத்தில் இரண்டு பேரும் கடமையை முடித்துவிடுவோம். இந்த விஷயம் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்காது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே பெரிய உலர்த்தும் இயந்திரம் நேற்றிலிருந்து மக்கர் செய்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் எல்லாம் ஈரத்தோடு குவிந்து கிடக்கின்றன. மெக்கானிக் வருகிற வரை எனக்குக் கை ஓய்வு. சூப்பர்வைசர் தன் மேஜையைக் கொடுத்துவிட்டு வெளியே போய் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நீ வேலை பார்க்கும் கால்பந்து கிளப்பிலிருந்து. மதிப்புக்குரிய ரசிகரே என்று ஆரம்பித்து, இந்தப் பருவத்தில் தொடர்ந்து பதினோரு ஆட்டங்களுக்கு நீங்கள் வரவில்லை, உங்கள் இருக்கைக்காகப் பலர் காத்திருக்கிறார்கள், நீங்கள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. கீழே உறுப்பினர் பிரிவு மேலாளர் என்று போட்டு, உன் கையெழுத்து.

அது அச்சடித்த கையெழுத்து என்று எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நாளில் போயிருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வந்தது. உன்மேல்தான் வந்தது. பெற்ற தாயிடம் போய் நீ ஏன் வரவில்லை என்று கேட்கிறாளே என்று, சமையலறையில் நின்றுகொண்டு, ஆளில்லாத வீட்டில் சத்தம் போட்டேன். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்து முடிப்பதற்குள் கோபம் இறங்கிவிட்டது. யாருடைய தப்பு என்று யோசித்தால் கை என்னையே காட்டியது.

அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நீ கிளம்பும்போதே வாசலில் நின்று சொன்னாய், "அப்பா, அம்மா சீட்டை விட்டுடுங்க, வீணா ரெண்டு பேருக்குப் பணம் கட்ட வேணாம்" என்று. சரிம்மா, விட்டுடறேன் என்றேன். விடவில்லை. இந்தப் பருவத்துக்கும் இரண்டு சீசன் டிக்கெட்டும் வாங்கினேன். அவள் பெயரிலேயே, பழைய உறுப்பினர் விலையிலேயே. அவள் இல்லை என்று கிளப்புக்கு நான் தெரிவிக்கவே இல்லை. தெரிவித்தால் இருக்கை போய்விடும். அதை என் பெயரில் கேட்டாலும் புது விலைதான், அது என் இரண்டு மாதச் சம்பளம். மாதத்தில் நாலு ஞாயிறு கூடுதல் ஷிப்ட் பார்த்துத்தான் இந்த இரண்டையுமே கட்டினேன். ஞாயிறு ஓய்வாக இருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான். பின்னால் கேட்ட இரைச்சல் டிவி இல்லை, சலவை மெஷின்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். எனக்கென்ன அந்த ஆட்டத்தின் மேல் அவ்வளவு வெறியா? உனக்கே தெரியும், இருபத்தொன்பது வருஷமாகப் போகிறேன், ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஓரத்து நடுவர் கொடியைத் தூக்கினால் அம்மா முகத்தைப் பார்ப்பேன். அவள் திட்டினால் நானும் திட்டுவேன், கைதட்டினால் நானும் தட்டுவேன். தபால் ஆபீஸ் கவுன்டரில் நாள் முழுக்க மெதுவாகப் பேசுகிற பெண், மைதானத்துக்குள் வந்து விசிலடித்தால் அந்தக் கேலரியே திரும்பிப் பார்க்கும். விசிலக்கா என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? அவளைப் பார்க்கத்தான் நான் போனேன். வீட்டில் அவள் இல்லை என்று நன்றாகத் தெரிகிறது. அங்கே போய் உட்கார்ந்தால் மட்டும், தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று தோன்றுகிறது. அதற்குத்தான் பணம் கட்டினேன். பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரத்தனம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியம். நீ பதிவேட்டைப் பார்த்தால், இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அம்மா வந்ததாக இருக்கும். அது நான்.

இந்த வருஷம்தானே வாசலில் கார்டைக் காட்டுகிற மெஷின் வைத்தீர்கள். அங்கே நிற்கிறவர் நமக்குத் தெரிந்தவர்தான், பழைய பஸ் கண்டக்டர். என் கையில் இரண்டு கார்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் காட்டிட்டுப் போங்கண்ணே, யாரு கேக்கப்போறா" என்றார். என் கார்டைக் காட்டினேன், கதவு திறந்தது. அடுத்து அவள் கார்டை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அவள் படம் வந்தது, அந்த நீலப் புடவையில் கண்ணை மூடி மூடித் திறந்து எடுத்துக்கொண்ட படம். கீழே நல்வரவு என்று எழுத்து. எனக்குக் கால் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் "பெருசு, நகருங்க" என்று நெருக்கினார்கள். கண்டக்டர்தான் கையைப் பிடித்து உள்ளே விட்டார். அன்று ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். பதினோரு ஆட்டம் என்று உன் கடிதம் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

மெக்கானிக் வந்துவிட்டான். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளி, மதியம்

இயந்திரம் ஓடுகிறது. பெல்ட்தான் அறுந்திருக்கிறது, அதற்கு இரண்டு நாள் பஞ்சாயத்து. சாப்பாட்டு நேரத்தில் தொடர்கிறேன்.

கேலரியில் நம் பக்கத்துப் பழைய ஆட்கள் இப்போது என்னோடு சேர்த்து இரண்டே பேர். பேக்கரிக்காரர் விலையைப் பார்த்துவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டீக்கடை டிவியில் பார்க்கிறார், அங்கேயும் நடுவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கணக்கு வாத்தியார் மட்டும் பென்ஷனை நம்பி வருகிறார். மற்றபடி எங்களைச் சுற்றி எல்லாம் புது முகம். கோப்பை வாங்கிய வருஷம் வந்த கூட்டம் என்று வாத்தியார் முணுமுணுப்பார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே கார் எடுக்க ஓடுகிறார்களாம், கோல் விழும்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்களாம், இப்படி ஒரு பெரிய குற்றப் பத்திரிகை வைத்திருக்கிறார்.

எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை. எனக்கு வலித்தது வேறு. விசுவாசப் புள்ளி என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, அது கார்டு வந்த நாளிலிருந்துதான் கணக்காம். புது பனியன் வாங்கினால் புள்ளி உண்டு. கிளப் மூடுகிற நிலைக்கு வந்த வருஷம், புல் வெட்டக்கூடக் காசில்லை என்று ஆட்டக்காரர்களே வெட்டிய வருஷம், தபால் ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உன் அம்மா வசூல் செய்தாளே, அதற்குப் புள்ளி இல்லை. வாளியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. அப்போது உனக்கு ஒன்பது வயசு. அதற்கும் புள்ளி இல்லை. நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய், மேலே இருக்கிறவர்கள் சொன்னதைச் செய்திருப்பாய். ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்காவது அந்த வாளி ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? சொல்லிவிட்டேன், இனி இதைப் பேச மாட்டேன்.

அந்தப் புதுக் கூட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள். நம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. இரண்டு வருஷமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாளாம். சீசன் டிக்கெட் கிடைக்காமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக மூன்று மடங்கு கொடுத்து, கிடைத்த மூலையில் உட்காருவாள். ஒருநாள் என் பின் வரிசையில் கிடைத்தது, யாரும் எடுக்காத இடம் என்பதால் அடுத்தடுத்தும் அதுவே கிடைத்தது. முன்னால் ஒரு கம்பம் மறைத்ததால், "சார், இந்த சீட் காலியாத்தானே இருக்கு, உக்காரட்டுமா?" என்று கேட்டாள். ஆள் வர்றாங்க என்றேன். அடுத்த ஆட்டத்திலும் கேட்டாள். ஆள் வர்றாங்க என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றோம். எல்லோரும் எழுந்து போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மா எப்படி அழுவாளோ அப்படியே, தோள் மட்டும் குலுங்க, சத்தமில்லாமல். இரண்டு வருஷம் முன்னால் வந்தவளுக்கு இவ்வளவு அழுகை எங்கிருந்து வந்தது? எனக்கு அந்த இடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது. அழத் தெரிந்தவளைக் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஆட்டமே தெரியாத நான் இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதுவதால் அவளுக்கு இடம் கொடு என்று சிபாரிசு செய்வதாக நினைக்காதே. பட்டியல் வரிசைப்படிதான் போக வேண்டும்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வாத்தியார்தான் கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னார். அடுத்த மாதம் முதல் அடையாள அட்டையோடு சரிபார்ப்பு, இல்லாதவர்கள் பெயரில் உட்கார்ந்திருப்பவர்கள்மேல் நடவடிக்கை என்று இருக்கிறதாம். படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "இதுக்குத் தலைமை உங்க பொண்ணுதானே? நாளைக்கு முதல் ஓட்டை அவங்க வீட்லயே இருந்துச்சுன்னு யாராவது சொன்னா, அந்தப் பொண்ணு வேலை என்ன ஆகும்?" என்று. ஆசைக்குப் பணம் கட்டினேன் என்றுதான் நினைத்திருந்தேன். உன் தலையில் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று புரியவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வேலைக்குப் போனாய். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்று உன் அம்மா தபால் ஆபீஸில் வந்தவர் போனவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். பாதிப் பேருக்கு எதற்கு என்றே தெரியாது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். அவள் கார்டையும், நகராட்சிச் சான்றிதழின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். முதல் ஆட்டத்தில் இரண்டு கார்டும் காட்டியது நான்தான், மகளுக்கு எதுவும் தெரியாது என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் காட்டு, கேட்கும் முன்பே காட்டிவிடு. கண்டக்டர் பெயரை எழுதவில்லை, அவரை விட்டுவிடு. என்னிடம் அபராதம் வாங்கச் சொன்னால் வாங்கிக்கொள்ளட்டும். என்னுடைய இருக்கை போனாலும் சரி. டீக்கடையில் பேக்கரிக்காரர் பக்கத்தில் இடம் இருக்கிறது.

உன் கடிதத்தோடு வந்த, இருக்கையை ஒப்படைக்கும் படிவம் மட்டும் பாதிதான் முடிந்திருக்கிறது. பெயர், எண், வரிசை எல்லாம் நிரப்பிவிட்டேன். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதிவிட்டேன். கடைசியில் காரணம் என்று போட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. விலை கட்டுப்படியாகவில்லை. வேறு ஊருக்குப் போகிறேன். நேரமில்லை. அணியின்மேல் ஆர்வம் குறைந்துவிட்டது. இந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்திருந்தால் உன் அம்மா சொல்லியிருக்கும் பதிலைக் காகிதத்தில் எழுத முடியாது. நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன், பாப்பா.

எந்தக் கட்டத்திலும் அவள் இல்லை. கடைசியில் மற்றவை என்று ஒரு வரி காலியாக விட்டிருக்கிறீர்கள். மூன்று நாளாக அந்த வரியின் முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பேனா வைத்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்திருக்கும், பார்த்துக்கொள். அதற்கு மேல் என் கை போகவில்லை. அம்மா போன அன்று நீ வந்து இரண்டு நாள் இருந்தாய். பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாய், அலமாரியை அடுக்கினாய். நான் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். டிக்கெட் விற்பனை ஆரம்பிக்கிறது என்று நீ பஸ் ஏறினாய். அந்த வார்த்தையை உன்னிடம் நானும் சொல்லவில்லை, என்னிடம் நீயும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை நீ எழுதம்மா. நீ அவள் மகள், உன்னால் முடியும். எழுதி முடித்ததும் எனக்குப் போன் செய். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், வேலை நேரமானாலும் எடுப்பேன். மாத்திரையைப் பற்றிக் கேட்காதே. பேச வராவிட்டாலும் பரவாயில்லை, வைத்துவிடாமல் அப்படியே இரு. நானும் இருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட காலம் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன்
அப்பா