அந்த ரெண்டு செகண்டுக்கு அப்புறம் அவள் சொன்னது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் துணையால் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பிப்பதற்குள் நீ ஒன்று சொல்லி முடித்துவிடுகிறாய், இதையென்றால் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். மாடிக் குழாய் ஒழுகியதை ஆள் வந்து சரிசெய்துவிட்டார். உன் அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசும் நேரம் மட்டும் கூடியிருக்கிறது. உன் தங்கை வாலு சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்கிறாள், போட்டதைச் சாப்பிடுகிறாள், கூப்பிட்ட குரலுக்கு வருகிறாள். வாலுவைப் பற்றி இப்படி எழுதினால் உனக்கே பயம் வரவேண்டும், எனக்கு வந்துவிட்டது.

நீ வெட்டி ஒட்டிக் கொடுத்த ட்ரெய்லரை இந்த ஊர் தியேட்டரில் வேறொரு படத்தின் இடைவேளையில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எல்லோரையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை, பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, அவள் பெண், வாலு, நான். அந்தப் படம் என்ன கதை என்றே எங்களுக்குத் தெரியாது, இடைவேளை எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்த கூட்டம் நாங்கள்தான். விளக்கு போட்டதும் எழுந்த அத்தையை வாலு முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள், அண்ணனோடது வரப்போகுது, முழங்காலை அப்புறம் நீட்டிக்கலாம் என்றாள். வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கதை. ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டே படியேறிப் போய்க் கதவை அறைந்து சாத்துகிறாள், யாரும் உள்ள வராதீங்க, என்னை விட்டுடுங்க என்று உள்ளேயிருந்து கத்துகிறாள், வெளியே அவள் அம்மா கையில் கரண்டியோடு திருதிருவென்று விழிக்கிறாள். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன் கண்ணு. சிரித்தபடியே திரும்பினால் பக்கத்தில் வாலு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறாள். அப்புறம்தான் அது யார் குரல் என்று எனக்கு உறைத்தது.

உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அப்பா போன மறுநாள், துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசுவதெல்லாம் பதிவாகட்டும் என்று உன்னுடைய சின்ன ரெக்கார்டரைக் கூடத்து மேஜையில் ஓடவிட்டிருந்தாய். அத்தை நல்ல மனசோடுதான் அழுக்குத் துணிகளை எல்லாம் துவைக்க அள்ளினாள். அதிலிருந்து அப்பா ஒர்க்‌ஷாப்புக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை உருவிக்கொண்டு வாலு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து அவள் கத்தியது முழுதாக இதுதான்: “யாரும் உள்ள வராதீங்க, என்னை விட்டுடுங்க, தொவைச்சிட்டா அப்பா வாசனை போயிடும்.” நான் கெஞ்சியும் திறக்கவில்லை, அத்தை அழுதும் திறக்கவில்லை. நீ போய்க் கதவோரம் தரையில் உட்கார்ந்து, யாரும் துவைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. இந்த வீட்டில் அன்றைக்கு அவள் உன் ஒருவனுக்குத்தான் கதவைத் திறந்தாள்.

தியேட்டரிலிருந்து வந்ததும், வாலு குரலை ஏன் எடுத்துப் போட்டாய் என்று உன்னைப் போனில் கேட்டேன். நடிச்ச பொண்ணு குரல் எடுபடலம்மா, சும்மா ரெண்டு செகண்டு, யாருக்குத் தெரியப்போகுது என்றாய். உன் தொழில் எனக்குத் தெரியாது. அதனால் அதற்குப் பிறகு மத்தியானங்களில் வீட்டு வேலை முடிந்ததும் உட்கார்ந்து, நீ செய்ததும் மற்றவர்கள் செய்ததுமாக ட்ரெய்லர்களாகப் பார்த்தேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு புத்தி உண்டு, எழுதியிருப்பதைவிட எது எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் கண் தேடும். பதினாறு வயசு என்றால் உங்கள் எல்லோருக்கும் ஒரே பையன்தான், ஒரே பெண்தான். பையன் பைக்கில் வருவான், சட்டைக்காலரைத் தூக்கிவிடுவான், பரீட்சையில் கோட்டைவிடுவான், யாரையாவது அடிப்பான். பெண் கண்ணாடி பார்ப்பாள், போன் பார்ப்பாள், கதவை அறைவாள். மூக்குக் கண்ணாடி போட்ட பிள்ளை வந்தால் கட்டாயம் தடுக்கி விழ வேண்டும், எதற்கென்று தெரியவில்லை, நம் வீட்டில் நீ அத்தனை வருஷம் கண்ணாடி போட்டும் நேராகத்தானே நடந்தாய். அம்மாக்காரி கரண்டியைக் கீழேயே வைப்பதில்லை. சாத்திய கதவுக்கு உள்ளே அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று மட்டும் ஒன்றிலும் இல்லை. எந்நேரமும் போன் என்று சிரிக்கிறீர்களே, அப்பாவுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று வாலு அந்தப் போனில்தான் மணி வைத்திருந்தாள். அவர் போன பிறகும் பல நாள் அது அடித்தது. அடித்தால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவாள், நிறுத்திவிடச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. இதையெல்லாம் எந்த ட்ரெய்லரில் போடுவீர்கள்? சிரிப்பு வராதே.

தையல்கார அக்கா கெட்டவள் இல்லை, குரலையும் அவள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இப்போது அவள் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும், என்னடி, ட்ரெய்லர் காட்டுறியா என்கிறாள், அந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொள்கிறது. எதற்கு அழுதாய் என்று கேட்கும் வேலை அக்காவுக்கு மிச்சமாகிவிட்டது. நம் வீட்டிலும் அதுதான் நடந்தது. நாங்கள் படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை கொல்லைப்புறம் போனால், அப்பா சட்டையை வாலுவே துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். கிரீஸ் கறை போகவில்லை, மற்றது போய்விட்டது. நான் முகர்ந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது. ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்று கேட்டதற்கு அவள் அழவில்லை. “ஊரே சிரிச்சதும்மா, அதுகூடப் பரவாயில்ல. மீதிய அண்ணன் கேட்டான்ல?” என்றாள். அன்றிலிருந்து அவள் அறைக் கதவைச் சாத்துவதே இல்லை. படிக்கும்போதும் திறந்திருக்கிறது, படுக்கும்போதும் திறந்திருக்கிறது. பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். எனக்கு அந்தத் திறந்த கதவைத் தாண்டிப் போகவே கால் வரவில்லை.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. வேலை நெருக்கடியில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருப்பாய், அங்கே உன்னை எவன் விரட்டினானோ. கோபத்தோடு பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் அது கடவுளிடம் உன்னைப் பற்றிக் கோள் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது, அதனால் இப்போதெல்லாம் உன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன், மீதி அவருக்குத் தெரியும். நீ செய்யும் தொழிலில் உனக்கு மேலும் மேலும் பேர் கிடைக்கட்டும், உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும், தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு உன்னை அண்டாமல் இருக்கட்டும். குளிர்காற்றில் தலையை மூடாமல் வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. வாலுவிடம் ரெண்டு செகண்டு என்று சொல்லிவிடாதே, விளக்கமும் சொல்லாதே. அன்றைக்கு அந்த ரெக்கார்டரில் விழுந்தது முழுதும், அவள் கத்தியது, அத்தை அழுதது, நீ கதவோரம் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னது, தாழ்ப்பாள் விலகிய சத்தம், அத்தனையும் உன்னிடம்தானே இருக்கிறது. அதை அவளுக்கு அனுப்பு. எங்கேயும் வெட்டாமல் அனுப்பு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா