திறப்பு விழாவிலிருந்து பூட்டிக் கிடக்கும் 'செவிவாசல்'

அனுப்புநர்:
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
சமூகவியல் துறை,
மகளிர் ஆய்வாளர் விடுதி, தரைத்தளம்.
(மைய நூலக வாசலில் தொங்கும் பதாகையில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு சிரிப்பவள்)

பெறுநர்:
மாண்பமை துணைவேந்தர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம்.

பொருள்: மைய நூலகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கெனத் திறந்துவைக்கப்பட்ட 'செவிவாசல்' அறை, திறந்த நாளிலிருந்தே பூட்டியிருப்பது தொடர்பாக.

பார்வை: (அலுவலக வழக்கம் என்பதால் இத்தலைப்பை எழுதுகிறேன்) 1. நூலகத்தின் புதிய சேவைகள், வளங்கள், நிகழ்ச்சிகள் பற்றிய சுற்றறிக்கை. 2. துணை நூலகருக்கு நான் அனுப்பிய கடிதங்கள். இவற்றுக்குப் பதில் இல்லை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளியில் படிக்கும்போதே எனக்குப் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒற்றை வாடகை அறையில் குடும்பம் நடத்துவோரைப் பற்றியது என் ஆய்வு. அதற்கு அடிப்படையான பழைய குடியிருப்புக் கணக்கெடுப்பு அறிக்கைகள் மைய நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் மட்டுமே உள்ளன. தடித்த கட்டு, மங்கிய அச்சு, பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. வெளியே எடுத்துச் செல்ல அனுமதி கிடையாது. என் கைப்பேசிச் செயலி அவற்றைப் படிக்க முயன்று, எண்களையும் தெருப் பெயர்களையும் ஒன்றாகக் கலந்து உளறுகிறது. ஆய்வேட்டின் கடைசி இயல்கள் எழுதப்படாமல் நிற்பது இதனால்தான். ஆய்வை ஒப்படைக்க எனக்குத் தரப்பட்ட நீட்டிப்பும் இந்தப் பருவத்தோடு முடிகிறது.

2. சென்ற பருவத் தொடக்கத்தில் மேற்படி சுற்றறிக்கை வந்தது. சோபாக்கள், காபி இயந்திரம், இருக்கையை முன்பதிவு செய்யும் செயலி, மாதந்தோறும் நூல் அறிமுகக் கூட்டம், குறும்படத் திரையிடல் என்று நீண்ட அந்த அறிவிப்பின் கடைசியில் 'செவிவாசல்' இருந்தது. அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து, அட்டவணை உட்பட, உரக்கப் படித்துக் காட்டும் கருவி, பிரெய்ல் அச்சுப்பொறி, ஒலி வெளியே போகாத தனியறை. என் கணினி அந்த வரியைப் படித்து முடித்ததும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு என் அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இனிமே என் தொண்டைக்கு லீவா?" என்று அவர் சிரித்தார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.

3. திறப்பு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். நாடா வெட்டும் ஓசை கேட்டது, கைதட்டல் கேட்டது. என்னைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்துக் காதொலிப்பானை மாட்டிவிட்டார்கள். எதுவும் கேட்கவில்லை. "ஒண்ணும் கேக்கலையே சார்" என்றேன். "போட்டோவுக்குத்தானேம்மா, போட்டோல சத்தம் விழாது. கொஞ்சம் சிரிங்க" என்றார் புகைப்படக்காரர். நானும் சிரித்தேன். சிரிக்கச் சொல்பவரிடம் சிரிக்காமலிருப்பது எப்படி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கருவிக்கு மின் இணைப்பே தரப்படவில்லை என்பதை மேசைக்கு அடியில் கைவைத்துப் பார்த்த பிறகு அறிந்தேன். பிளக், கம்பி சுற்றியபடி, பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது.

4. அதற்கு அடுத்த நாள் போனேன். அறை பூட்டியிருந்தது. தொடர்ந்து போனேன். ஒவ்வொரு முறையும் துணை நூலகர் ஒரு காரணம் கூறினார். கருவியை விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து பயிற்சி தர வேண்டும். அந்த ஆள் வந்துபோனார். ஆனால் பயிற்சி பெற வேண்டிய ஊழியர் விடுப்பில் இருந்தார். ஊழியர் திரும்பிவிட்டார், ஆனால் உத்தரவாதக் காலத்தில் ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும். கடைசியாக, சாவி தம்மிடமே இல்லை என்றார். நிகழ்ச்சிக் கூடத்து நாற்காலிகளை வைக்க இடமில்லாததால் அவற்றைச் செவிவாசலில் அடுக்கியிருக்கிறார்களாம். சாவி நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் இருக்கிறதாம். துணை நூலகரை நான் குறை கூறவில்லை. அவர் ஒருமுறை குரலைத் தணித்துக்கொண்டு, "நான் என்னம்மா பண்ணட்டும்? ஃபைல் மேல போயிருக்கு" என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். "மேலன்னா மேலதான்" என்றார். அந்த மேல் தாங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி இம்மனுவைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

5. முன்பதிவுச் செயலி பற்றியும் கூற வேண்டும். அதைத் திறந்தால் என் கைப்பேசி "பட்டன், பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பட்டன் எதற்கு என்று செய்தவர்கள் எழுதவில்லை. ஒருநாள் நம்பிக்கையோடு ஒன்றை அழுத்தினேன். குறும்படத் திரையிடலுக்கு எனக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது.

6. இனி என் அண்ணி. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றும் வரை உள்ள நேரத்தில் நூலகத்துக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டுகிறார். வேன் நிறையக் கத்தும் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் அவருடையது. மெதுவாகப் படிக்க அவருக்கு வராது. படித்துக்கொண்டே கருத்தும் சொல்வார். "ஒரே ரூம்ல ஒம்போது பேரா? இத எழுதினவர் ஒரு ராத்திரி அங்க படுத்துப் பாத்திருக்கணும்" என்பார். ஆய்வேட்டில் நான் எழுப்பியிருக்கும் கேள்விகளில் சில அவருடையவை.

இதற்காக நாங்கள் முதலில் வாசிப்புக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தோம்; மற்ற மாணவர்கள் முகம் சுளித்தார்கள், அது நியாயம்தான். வராந்தாவுக்குப் போனோம், அங்கே சோபாக்கள் வந்துவிட்டன, அவற்றில் உட்காரவும் முன்பதிவு வேண்டும். கடைசியில் செவிவாசலின் பூட்டிய கதவுக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து படித்தோம். ஓசை வெளியே போகாமல் படிப்பதற்கென்றே கட்டிய அறைக்கு வெளியே, ஓசை எழுப்பினோம் என்று எங்களுக்கு எச்சரிக்கை தரப்பட்டது.

7. சென்ற மாதம் நடந்ததை நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று நிகழ்ச்சிக் கூடத்தில் 'அனைவருக்குமான நூலகம்' என்ற கருத்தரங்கம். நாற்காலிகளை எடுப்பதற்காகச் செவிவாசலைத் திறந்தார்கள். பூட்டு திறக்கும் ஓசை கேட்டு அண்ணி என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். நாற்காலிகள் வெளியே வந்து முடியும்வரை எங்களை ஒதுக்கி நிறுத்தினார்கள், முடிந்ததும் அறை மறுபடி பூட்டப்பட்டது. "அஞ்சு நிமிஷம் உள்ள விடுங்கப்பா, ஒரே ஒரு பக்கம் படிச்சுப் பாக்கட்டும்" என்று அண்ணி கேட்டார். நிகழ்ச்சி முடியட்டும் என்றார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கவும் அன்று கூடாது என்றார்கள். கூடத்துக்குள் பேச்சு தொடங்கிவிட்டதாம்.

பிறகு ஒருவர் ஓடிவந்து, சிறப்பு விருந்தினர் என்னை மேடைக்கு அழைப்பதாகச் சொன்னார். பதாகையில் இருப்பவள் வெளியே இருக்கிறாள் என்று யாரோ அவரிடம் கூறியிருக்கிறார்கள். மேடையேறினேன். செவிவாசல் என் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். ஒலிவாங்கியைக் கையில் வாங்கி நான் சொன்னது இதுதான்: "அந்த ரூமத் திறந்து விடுங்க. உள்ள போய்ப் படிச்சிட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்றேன்."

கூடம் முழுவதும் கைதட்டியது. நான் நகைச்சுவையாகப் பேசியதாக எண்ணிக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினர் என் தோளில் தட்டி, "நல்ல ஹியூமர்" என்றார். கூட்டத்தின் கடைசி வரிசையில் என் அண்ணி மட்டும், "அவ ஜோக் அடிக்கலைங்க, நிஜமாத்தான் கேக்கறா!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. நான் அறிந்தவரை அந்தக் குரல் எட்டாத கூடம் கிடையாது. ஆனாலும் அடுத்த இதழ் நூலகச் செய்திமடலில், 'பார்வையற்ற ஆய்வாளர் தம் நன்றியை நகைச்சுவையுடன் தெரிவித்தார்' என்று வந்தது.

8. இதோடு நின்றிருந்தால் இம்மனுவை எழுதியிருக்க மாட்டேன். ஓடிக் களைத்துவிட்டேன், ஒப்படைப்பை இன்னொரு முறை தள்ளிவைக்கக் கெஞ்சலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது விடுதி வராந்தாவில் என் கோலின் ஓசையைக் கேட்டு ஒரு பெண் என்னை நிறுத்தினாள். என்னைத் தேடி வந்த இளநிலை முதலாண்டு மாணவி. அவளுக்கும் பார்வை இல்லை. குரலில் அப்படி ஓர் உற்சாகம். "அக்கா, நீங்கதானே அந்த போட்டோல இருக்கிற அக்கா?" என்றாள்.

நம் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டில் என் படம் அச்சாகியிருக்கிறது. அவள் தாய் அதைப் பார்த்து, படத்தில் இருப்பதையெல்லாம் மகளுக்கு விவரித்திருக்கிறார்: கருவி, மேசை, காதொலிப்பான், என் சிரிப்பு. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இவள் இங்கே வந்திருப்பது அந்தச் சிரிப்பை நம்பித்தான். "அதுல என்னக்கா கேட்டுக்கிட்டிருந்தீங்க? அது கதைகூடப் படிக்குமா?" என்று கேட்டாள்.

ஐயா, மேடையில் எனக்குப் பேச வந்தது. இவளிடம் வரவில்லை. எதையோ சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். "அப்ப நான் அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றாள். அதற்குப் பதில் தங்களிடம் இருக்கலாம்.

9. இப்போது நாங்கள் மூவரும் வாகன நிறுத்துமிடத்தில், அண்ணியின் வேனுக்குள் படிக்கிறோம். முதலாண்டு மாணவி தன் பாடநூலை இரவல் வாங்கி வருகிறாள். நூலகம் நகலெடுக்க அனுமதிக்கும் சில பக்கங்களை நான் கொண்டுவருகிறேன். அண்ணி அவளுக்கு ஒரு பாடம், எனக்கு ஓர் அட்டவணை என்று மாறிமாறிப் படிக்கிறார். சன்னலைத் திறந்தால் வண்டிகளின் இரைச்சல், மூடினால் புழுக்கம். பள்ளி விடும் நேரமானால் எந்த வரியில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிவிடுகிறோம். அண்ணியின் தொண்டை கட்டிவிட்டது. நேற்று, வெளி வண்டிகளை இங்கே நிறுத்தக் கூடாது என்று காவலர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மாணவியின் தகப்பனாரும் தொலைபேசியில் என்னிடம் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்க மேல தப்பில்லம்மா. பிள்ள அங்க கஷ்டப்பட வேணாம்னு பாக்கறேன். வர்ற வாரம் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று பணிவாகச் சொன்னார். சில நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். எதை நம்பி அப்படிக் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

10. எனவே, தாங்கள் கனிவுடன் தலையிட்டு ஆவன செய்யக் கோருவது:

அ) செவிவாசலில் உள்ள நாற்காலிகளை வேறிடத்துக்கு மாற்றி, அறையை நூலக வேலைநேரம் முழுவதும் திறந்துவைக்க வேண்டும். சாவி நூலக முகப்பு மேசையில் இருக்க வேண்டும்.

ஆ) கருவிக்கு மின் இணைப்புத் தர வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; கையேட்டை ஒலிவடிவில் தந்தால் நாங்களே கற்றுக்கொள்வோம். உடைந்தால் பொறுப்பேற்க நான் எழுதித் தரத் தயார்.

இ) முன்பதிவுச் செயலியின் பட்டன்களுக்குப் பெயர் வைக்க வேண்டும்.

ஈ) இவற்றைச் செய்ய இயலாதெனில், வாசல் பதாகையிலும் சேர்க்கைக் கையேட்டிலும் உள்ள என் படத்தை நீக்க வேண்டும். அதை நம்பி இன்னொரு பிள்ளை வரக் கூடாது.

உ) அறை திறக்கும் வரை, என் அண்ணியின் வேனுக்கு நிறுத்துமிட அனுமதி வேண்டும்.

குழு அமைத்து ஆராய்வதாகவோ, கோப்பு பரிசீலனையில் உள்ளதாகவோ பதில் வரும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். காகிதத்தில் வரும் அந்தப் பதிலைப் படித்துக் காட்டவும் அண்ணியின் தொண்டைதான் வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

மாணவியின் தகப்பனார் செவ்வாய்க்கிழமை வருகிறார். அதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை காலை நூலகம் திறந்ததும், அவளும் நானும் செவிவாசலின் முன் போய் நிற்பதாக முடிவு செய்திருக்கிறோம். கதவு திறந்திருக்கிறதா என்று எங்களால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கை வைத்துத் தள்ளிப் பார்ப்போம்.

இடம்: மகளிர் ஆய்வாளர் விடுதி
நாள்: புதன்கிழமை

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
முனைவர் பட்ட ஆய்வாளர், சமூகவியல் துறை

உடன் ஒப்பமிடுபவர்: இளநிலை முதலாண்டு மாணவி (ஒப்பம்)