ஆடுமாடு இல்லாத ஊர்

2024 ஆகஸ்ட் 12

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டேதான் வந்தேன். கல்லூரியில் எங்கள் துறைக்குள் நுழைந்ததும் லட்டு கொடுத்தார்கள். ஸ்ரீதர் சாரின் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்துவிட்டதாம். லட்டை வாயில் போட்டுக்கொண்டுதான் கட்டுரையைத் திறந்தேன்.

சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கரும்பு வெட்டும் குடும்பங்கள். நான் களப்பணி செய்த ஊர், என் அட்டவணைகள், வெயிலில் குந்தி நான் கேட்டு எழுதிய பேச்சு. தலைப்புக்குக் கீழே இரண்டே பெயர்கள். ஒன்று என் ஆய்வு வழிகாட்டியான சார். இன்னொன்று ஐரோப்பாவில் இருக்கும் அவருடைய கூட்டாளிப் பேராசிரியர். என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில் இருக்கிறது: கனிமொழி, களப்பணி உதவி. டைப் அடித்தவருக்கு அடுத்து.

மதியம் எம்.ஏ. வகுப்பில் சார் சார்புக் கோட்பாடு நடத்தினார். போர்டில் பெரிய வட்டம், அது மையம். ஓரத்தில் சின்ன வட்டம், அது விளிம்பு. சின்னதிலிருந்து பெரியதுக்கு ஓர் அம்புக்குறி. "ஏழை நாடு தானா பின்தங்கல. பின்தங்க வச்சிருக்காங்க. கச்சாப்பொருள அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கினு போயி, அதையே சரக்காக்கி நம்ம தலையில கட்டறாங்க."

ப்ரொஜெக்டர் ஒயர் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

ஆகஸ்ட் 13

சும்மா விட மாட்டேன்.

ஆகஸ்ட் 20

என் பெயர் ஏன் மேலே இல்லை என்று சாரிடம் கேட்டேவிட்டேன். சாருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"என்னம்மா இது? டேட்டா யாரு வேணா எடுத்துக்கினு வரலாம். அதுல தியரி பண்றான் பாரு, அவன்தான் ஆராய்ச்சியாளன். உன் தீசிஸ்தான் சப்மிட் பண்ணியாச்சே. வைவா தேதி போடணும் இல்ல?"

தேதி போடுகிற பேனா அவர் சட்டைப்பையில் இருக்கிறது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன வாயை என்ன செய்வது?

செப்டம்பர் 9

சாரின் ஆய்வுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம். அதே குடும்பங்களை மறுபடி பார்த்து, இரண்டு வருஷத்தில் என்ன மாறியது என்று எழுத வேண்டும். அதற்குப் புது ஆய்வு மாணவியைச் சேர்த்திருக்கிறார். எழிலரசி, நெல்லிக்குப்பத்துப் பெண். கல்லூரிக்கு வந்த முதல் வாரமே எல்லோருக்கும் வணக்கம் வைக்கிற ரகம். "நீ கொஞ்சம் இவளுக்குச் சொல்லிக் குடு" என்று என்னிடம் விட்டார்.

சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில் முதல் தடவை சொல்கிற பதிலை எழுதக் கூடாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது அது. முதல் தடவை போனபோது, ஆடு இல்லை, மாடு இல்லை, காதில் கிடப்பது கவரிங் என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னார்கள். கொளஞ்சியம்மாள் அக்காவும் அப்படித்தான் சொன்னார். மூன்றாம் தடவை அவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் ஆடு கத்தியது. அக்கா சிரித்துவிட்டார். "அப்ப நீ யாருன்னு தெரியாது பாப்பா. பேப்பரும் பேனாவுமா வந்தா கவர்மெண்டுதான். இருக்குதுன்னு சொன்னா வர்றதும் நின்னுபூடும்." அன்றைக்கே முதல் சுற்றை முழுக்கக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லா வீட்டிலும் புதிதாகத் தொடங்கினேன்.

சாருக்கு இது தெரியாது. எப்படி எடுத்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது எழிலரசி வாங்கிவரும் முதல் பதிலை நான் பழகிய பிறகு வாங்கிய பதிலோடு ஒப்பிட்டால், ஊரே இரண்டு வருஷத்தில் திவாலான மாதிரி இருக்கும். அதை அவர் மேடை ஏறிச் சொல்வார்.

எழிலரசியிடம் பஸ் டைம் சொன்னேன். டீ எங்கே நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நவம்பர் 4

எழிலரசி போன் செய்தாள். "அக்கா, யாரைக் கேட்டாலும் ஒண்ணுமில்லன்றாங்க. சரியாத்தான் வருதா?"

"சொல்றத அப்படியே எழுது" என்றேன்.

போனை வைத்ததும் வாய் இனித்தது. பொய் எழுத மாட்டேன். இனித்தது.

டிசம்பர் 18

சார் அறைக்கு என்னைக் கூப்பிட்டு அட்டவணையைக் காட்டினார். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா? ஏழை நாடு கொஞ்சம் பொறுத்துக்கினா படிப்படியா மேல வந்துடும்னு பழைய கோட்பாட்டுக்காரங்க சொன்னாங்க. இங்க ரெண்டே வருஷத்துல இருந்ததும் போயிடுச்சு. ஊர்ல ஆடுமாடே இல்ல. இதைவிட என்னம்மா ஆதாரம் வேணும்?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்."

கூட்டாளிப் பேராசிரியர் சென்னைக் கருத்தரங்குக்கு வருகிறாராம். அப்படியே ஊரையும் பார்க்க ஆசைப்படுகிறாராம். எந்தத் தேதியில் கூட்டிக்கொண்டு போவது என்று சாரே காலண்டரைப் புரட்டினார். "ஜனவரி பதினஞ்சு. திருவிழா மாதிரி இருக்கும், அவுங்களுக்குப் புடிக்கும். நீயும் வா, பேசறதை இங்கிலீஷ்ல சொல்லணும்."

மாட்டுப் பொங்கல்! சார், மாட்டுப் பொங்கல் அன்றைக்கா? நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடலூர் டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர்.

2025 ஜனவரி 15

இந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கார் ஊருக்குள் நுழையவே முடியவில்லை. தெரு முழுக்க மாடு. கொம்புக்குப் பச்சை, சிவப்பு, நீலம். ஆட்டுக்கெல்லாம் மாலை, நெற்றியில் பொட்டு. ஆடுமாடே இல்லாத ஊர்! சார் கண்ணாடியை இறக்கினார், மறுபடி ஏற்றினார். இறங்கி நின்றபோது ஒரு கன்றுக்குட்டி அவர் வேட்டி நுனியை நக்கியது.

கொளஞ்சியம்மாள் அக்கா தன் ஆடுகளை இழுத்துக்கொண்டு வந்து, "பாப்பா, வெள்ளைக்காரரை ஒரு போட்டோ புடிக்கச் சொல்லு" என்றார். பேராசிரியர் பிடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அட்டவணையில் கால்நடை இல்லையே, ஸ்ரீதர்?" அதைத் தமிழில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஊர் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அக்கா கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 20

எழிலரசியின் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். அவள் ஊருக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டாள் என்று சார் அறிக்கை கொடுத்திருக்கிறார். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரரும் 'வருந்தத்தக்கது' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

சார் அப்படியேதான் இருக்கிறார். துறைத் தலைவர் நாற்காலி, டீ, பேப்பர்.

மையத்தில் அடி விழுந்தால் விளிம்புதான் தாங்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள்தானே நான். எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே—

ஜனவரி 22

எழிலரசி சிதம்பரம் கீழவீதியில் என் அறைக்கே வந்துவிட்டாள். பஸ்ஸில் வந்த புழுதிகூடக் கழுவவில்லை.

"அக்கா, நான் ஒரு வீடு விடாம போனேன். கால்ல பாருங்க, கரும்புச் சோகை கிழிச்ச தழும்பு. நீங்களாவது நம்புறீங்களா?"

நம்புறேன்னு சொன்னேன். வேற என்னத்த சொல்ல? எனக்குத் தெரியும்டி, நான்தான் உன்னைக் குழியில எறக்குனேன்னு சொல்லவா? டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டாள்.

பிப்ரவரி 6

சார் கூப்பிட்டார். "வைவா பதினாலாம் தேதி. பத்தாம் தேதி கமிட்டி. அந்தப் பொண்ணு உன்னைச் சாட்சிக்குப் போட்டிருக்கா. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

டாக்டர் கனிமொழி. அப்பா வாசலில் மாட்டப் பெயர்ப்பலகை சொல்லி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 10

போனேன்.

அவள் எல்லா வீட்டுக்கும் போனாள் என்றேன். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினாள் என்றேன். முதல் பதிலை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன் என்றேன். எழிலரசி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நேராக என்னால் நிற்க முடியவில்லை.

ஏன் என்று குழுவில் ஒருவர் கேட்டார். போர்டில் சாரின் பெரிய வட்டத்தையும் சின்ன வட்டத்தையும் வரைந்தேன். சின்னதில் என் பெயரை எழுதினேன், பெரியதில் அவர் பெயரை. அம்புக்குறி போட்டேன். அந்தக் கட்டுரை எப்படி வந்தது என்று முதல் வரியிலிருந்து சொன்னேன்.

சார் எழுந்துவிட்டார். "இது ஆராய்ச்சி இல்ல. பழிவாங்கறது."

"ஆமா சார், பழிதான்."

பிப்ரவரி 14

வைவா தள்ளிவைப்பு. மறு தேதி போடவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 3

எழிலரசியை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், வேறு வழிகாட்டியின் கீழ். சாரின் புதுக் கட்டுரையை ஆய்விதழ் நிறுத்தி வைத்திருக்கிறது. திங்கள்கிழமை வகுப்பை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஏழை நாடு ஏன் ஏழையாக இருக்கிறது என்று இன்றும் நடத்தியிருப்பார்.

இன்று நான் அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவள் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொளஞ்சியம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும் பாயை விரித்தார். அவளுக்கும் தட்டு வைத்தார். "ஆட்டுக் கணக்கு எழுதிக்கிறியா?" என்றார்.

"இன்னிக்குச் சாப்புட மட்டும்தாங்க்கா வந்தேன்" என்றாள் எழிலரசி. முதலில் பழக வேண்டும், எழுதுவதெல்லாம் பிறகு என்பதை நான் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்திருந்தாள்.

திரும்பும்போது சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னாள்: "இனிமே நான் தனியா வந்துக்கறேங்க்கா."

"சரி. ஏதாவது தெரியணும்னா போன் பண்ணு."

"தேவைப்படாது. பஸ் டைம்தான் அப்பவே சொல்லிட்டீங்களே."

சிதம்பரம் பஸ் வந்தது. நான் ஏறினேன். அவள் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டாள்.