சோறு வடித்த சால்வை

அப்பா,

இன்று காலை சோறு வடிக்கப் பானையைச் சாய்த்தபோது பிடிதுணியிலிருந்து பழைய கஞ்சி வாடை வந்தது. உங்களுக்குப் போட்ட பொன்னாடைதான் அது. சரிகை கருத்துவிட்டது. ஓரமெல்லாம் நீங்கள் சுட்டுவைத்த கருகல்கள். நேற்று உங்கள் கேள்விக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

அம்மா கல்வராயன் மலையில் நர்ஸாக இருந்த வருடங்களில், முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்புமுன் சோறாக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் கரும்புக் கொல்லைக்குப் போவீர்கள். பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வேலியோரம் வந்து நிற்பார்.

"இன்னா மாமா, வூட்ல பொம்பள இல்லியா?"

"இருக்கா. மலைக்கு ஊசி போடப் போறா. நீ சும்மாதான நின்னுக்கினு கீற? வந்து வெங்காயம் உரி."

ஒருநாள் அவர் உண்மையாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அடிக்கடி வந்தார்.

நான் கல்லூரி முடித்த வருடம், வடக்கனந்தலில் நடந்த மகளிர் தின விழாவில் உங்களை மேடையேற்றி உங்களுக்குச் சால்வை போடவைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்களோ வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னீர்கள்: "சோறு ஆக்கினதுக்குச் சால்வையாம்மா? அப்போ உங்கம்மாவுக்கு எத்தினி போட்டிருக்கணும்?"

மறுநாளே சால்வை பிடிதுணியானது. நானும் எவ்வளவோ புத்தகங்கள் படித்துவிட்டேன். எதிலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அப்படியும் நான் அடங்கவில்லை. நல்ல முன்மாதிரியாக வாழும் ஆண்களுக்கு ஒரு பன்னாட்டு விருது தொடங்க, வெவ்வேறு நாடுகளிலிருக்கும் மூன்று தோழிகளோடு இரண்டு வருடமாக உழைக்கிறேன். விதிகளை முடிவுசெய்ய நேற்று கணினி வழியாகக் கூடினோம். கென்யாத் தோழி கேட்டாள்: "பெண்கள் தினமும் செய்வதை ஓர் ஆண் செய்தால் விருதா? இதற்குப் பதில் இல்லையென்றால் நான் விலகிக்கொள்கிறேன்." உங்கள் குரல்தான் கடல் தாண்டி வந்தது போலிருந்தது. விருதுக்கான நிதி அவள் வழியாகத்தான் வருகிறது; அவள் போனால் விருதே நின்றுபோகும்.

நீங்கள் கண்மூடிய நாளைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். நம் வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. சேகர் அண்ணன் தானே ஆக்கி, தூக்குவாளியில் கொண்டுவந்தார். அம்மா ஒரு வாய் வைக்கும்வரை பார்த்திருந்து, "உப்பு ஜாஸ்தியா அத்தை?" என்று கேட்டார். அதுவரை அழாதிருந்த அம்மா அப்போதுதான் உடைந்தாள்.

"இல்லப்பா. அவரு போடற மாதிரியே கம்மி."

சோறாக்கியதற்கு விருது வேண்டாம் என்றேன். உங்களைப் பார்த்து இன்னொருவர் அடுப்பருகே வந்து உட்கார்ந்தாரே, அதற்குக் கொடுப்போம். விண்ணப்பத்தில் 'சாதனைகள்' என்ற பகுதியை அடித்துவிட்டு ஒரே கேள்வி வைத்தோம்: இவரைப் பார்த்து மாறிய ஆண் யார்? அப்படி மாறியவர்தான் பதிலை எழுத வேண்டும். மேடையில் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். சால்வை கிடையாது.

"சரி, இருக்கிறேன்" என்றாள் தோழி.

விருதுக்கு உங்கள் பெயரை வைக்கலாம் என்றார்கள். மறுத்துவிட்டேன். கேட்டிருந்தால் நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குத் திரும்பியிருப்பீர்கள்.

அடுத்த வாரம் அறிவிப்பு வெளியாகிறது. சால்வை என்னிடமே இருக்கட்டும். இன்று அவசரத்தில் அடுப்புக்கு அருகே பிடித்துவிட்டேன். அதில் ஒரு கருகல் கூடியிருக்கிறது. அது என்னுடையது.