வண்டித் தரையின் சூடு

மாப்ள,

காலையிலிருந்து பட்டறைக்கு எதிரே ரோடு போடுகிறார்கள். டிரம்மில் தார் கொதிக்கிற வாசனை உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு வேலை ஓடவில்லை. வெல்டிங் ராடைக் கீழே போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொல்லாமல் விழுங்கியதை இன்றாவது சொல்லிவிட வேண்டும். உன்னைக் கொண்டுபோன அந்தப் புண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அப்போதே தெரியும்.

ஆண்டிமடத்தில் முந்திரி மூட்டையையும் சந்தைக்குப் போகும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, அரியலூர் வழியாகப் பெரம்பலூர் வரை உன் வேன் போய் வரும். சைலன்சர் குழாய் சரியாக உன் காலுக்கு அடியில் ஓடியது. சித்திரை மாதத்தில் தரைத் தகடு தோசைக்கல்லாகக் காயும். ஆனாலும் நீ ஒருநாளும் செருப்போடு வண்டியில் ஏறியதில்லை. "சோறு போடுற எடத்தை செருப்புக் காலோட மிதிப்பனா?" என்பாய். அந்தச் சூட்டுக்கு வண்டித் தரை முழுக்க ஈரச்சாக்கு போடும் யோசனை என்னுடையது. நிறுத்துகிற இடமெல்லாம் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிச் சாக்கில் ஊற்றிக்கொள்வாய். கால் குளிர்ந்தது. சாக்குக்கு அடியில் தகடு மூன்று கோடையாக ஊறித் துருப்பிடித்தது நம் இரண்டு பேர் கண்ணுக்கும் படவில்லை.

ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. சக்கரம் வாரியடித்த தண்ணீர் ஓட்டை வழியாக ஏறிப் பெண்களின் புடவையெல்லாம் சேறு. ஒரு அம்மாவின் பாதம் தரையைப் பொத்துக்கொண்டு கணுக்கால் வரை இறங்கிவிட்டது. "ஏம்பா, வண்டி ஓடுதா, இல்ல நாந்தான் நடக்குறனா?" என்று அந்த அம்மா கேட்டதை நீயே வந்து சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு முடிந்ததும் உன் முகம் சுருங்கியது. அடுத்த எப்.சி. சோதனையில் இந்தத் தரையைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள்.

"எப்படியாவது பண்ணிக் குடு மாப்ள. இது போச்சுன்னா எறையூர் பக்கம் கரும்பு வெட்டத்தான் போவணும்" என்றாய்.

நான்கு நாள் வேறு வேலையே தொடவில்லை. சீட்டைக் கழற்றிச் சாக்கை உரித்தபோது தகடு அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி, நல்ல தகடு கணீரென்று பேசுகிற இடம் வரை வெட்டி எடுத்தேன். புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தேன். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு. அடிப்பக்கம் முழுக்கக் காய்ச்சிய தார். மேலே சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் அட்டை, அதற்கும் மேலே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்.

ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. அட்டையும் பெல்ட்டும் சேர்ந்து கனம் கூடியதால் ஆக்சிலேட்டர் முழுதாக அமுங்கவில்லை. உன் வலது குதிகால் ஊன்றும் அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் தகட்டின் மேல் பெயிண்ட் அடித்தேன். "இந்த எடம் சுடும்டா. நாலு நாள் ஓட்டிட்டு சொல்லு, வேற வழி பாப்போம்" என்றேன். இனி ஈரச்சாக்குப் பேச்சே கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

கோடை பிறந்த பிறகு ஒருநாள் வந்தாய். "சூடே தெரியல மாப்ள. ஜில்லுன்னு இருக்கு."

எனக்கு வாயெல்லாம் பல். அரியலூரில் என்னைப்போல் தரை போட ஆளில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அதே வாரம் டீக்கடையிலிருந்து நீ ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் நடந்துவந்தாய். செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது உனக்குத் தெரியவில்லை. "பட்டப்பகல்லயே ஏத்திட்டியா?" என்று கிண்டல் செய்தேன். உனக்குச் சர்க்கரை இருந்தது இருவருக்கும் தெரியும். டீயில் சீனி போடக்கூடாது, அவ்வளவுதான் அந்த நோயைப் பற்றி நாம் அறிந்தது.

பிறகு உன் மனைவி ஆளனுப்பினாள். ஓடினேன். "அண்ணே, வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் ஈரத் தடம். தண்ணின்னு தொடைச்சா செவப்பா வருது. இவரு வலியே இல்லங்கறாரு" என்றாள். குதிகால் தோல் வழன்று, உள்ளே குழியாகிக் கிடந்தது. நீ அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாய்.

திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் பாதத்தில் ஊசியால் குத்தினார். நீ அசையவில்லை. "கால்ல உணர்ச்சியே இல்ல. எதுல சுட்டுக்கிட்டார்?" என்று கேட்டார். உன் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த ஒரு சாண் இடம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் உன் வீட்டிலிருந்து வேனை எடுத்தேன். உன்னைப்போலச் செருப்பை விட்டுவிட்டு ஏறினேன். ஜெயங்கொண்டம் தாண்டுவதற்குள் அந்த ஒரு சாணில் என்னால் குதிகாலை ஊன்ற முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டு அழுதேன். சூடு போகவே இல்லை, மாப்ள. உன் கால்தான் செத்துப்போயிருந்தது. நான் அதை என் கைவேலை என்று நினைத்துக் கொண்டாடியிருக்கிறேன்.

சொல்லிவிடத்தான் திருச்சிக்கு வந்தேன். அதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டில்காரரிடம் நீ, "இவன்தாங்க என் வண்டிக்குத் தரை போட்டவன். மழைத் தண்ணி ஒரு சொட்டு ஏறாது, சூடும் தெரியாது" என்றாய். காய்ச்சலில் கொதித்த உன் கை என் கையைப் பிடித்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். விஷம் மேலே ஏறிவிட்டது, இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

இன்றும் எந்த வண்டிக்குத் தரை போட்டாலும் ஓட்டுகிறவரை இறக்கிவிடுகிறேன். அவர் சொல்வதைக் கேட்பதில்லை. இன்ஜினை ஓடவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நானே ஏறி உட்கார்ந்து குதிகாலை ஊன்றிப் பார்க்கிறேன். பத்து நிமிட வேலைதான், மாப்ள. அன்றைக்கும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.